கிழட்டுக் கோழியும் பஞ்சாகும்!

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் காரைக்காலில் அடுப்படிக் கணக்கே மாறிவிடும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கமெல்லாம் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு ஏகப்பட்ட கிராக்கி. வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு கொதித்த வீட்டில், ‘இன்னைக்கு என்ன செய்யுறது?’ என்ற கேள்வி காலையிலேயே வந்து நிற்கும்.

மீன் கிடைக்காதவர்கள் எல்லோரும் கோழிக்கடைக்குத்தான் போகிறோம். பள்ளி விடுமுறை, கல்யாணம், விருந்தாளி எல்லாம் அதே நேரத்தில் வரும். அப்போதுதான் நம் கண் கறிக்கோழி விலையைத் தாண்டி, கடையின் ஓரக் கூண்டில் நிற்கிற இன்னொரு கோழியின் மேல் விழும். முட்டை போட்டு ஓய்ந்த முட்டைக்கோழி. விலை குறைவு. ஆனால் வாங்க பயம். ‘வேகவே வேகாது, ரப்பர் மாதிரி இருக்கும்’ என்று பெயர் வாங்கிய கோழி அது.

அந்தப் பெயர் கோழிக்கு வந்ததில் நம் தவறும் உண்டு. அதை எங்கள் வீட்டில் நான் கற்றுக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

விருந்தாளி கடித்த கறி

ஊரிலிருந்து சின்ன மாமாவும் மாமியும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். எட்டுப் பேருக்குச் சமைக்க வேண்டும், மாதக் கடைசி வேறு. இரண்டு முட்டைக்கோழி வாங்கி வந்து, வழக்கமான கோழிக்கு வைக்கிற மாதிரி மசாலா வதக்கி, குக்கரில் நாலு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் கறி கல். இன்னும் நாலு விசில். முன்பைவிடக் கெட்டியானது போல் இருந்தது. மணி ஒன்றரை. வேறு வழியில்லாமல் பரிமாறிவிட்டேன்.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. மாமா எலும்பைச் சப்பிவிட்டு, “குழம்பு ரொம்ப நல்லாருக்கும்மா” என்றார். பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் கறியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மேல்பல் இல்லாத என் அத்தை, அதாவது மாமியார், ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

விருந்தாளிகள் கிளம்பியதும் அத்தை மீதிக் குழம்பை மண்சட்டிக்கு மாற்றி, ஒரு செம்பு வெந்நீர் ஊற்றி, அடுப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக வைத்து மூடினார். “நீ பாதியிலயே இறக்கிட்டம்மா” என்றார், அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது கரண்டி பட்டதும் சதை எலும்பை விட்டுப் பிரிந்தது. இரவு அத்தை அதைத்தான் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

எஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் குழம்பு ஜெல்லி மாதிரி உறைந்திருந்தது. அந்த ஜெல்லியில்தான் பதில் இருந்தது.

கறி ஏன் கடினமாகிறது?

கடையில் நாம் வாங்குகிற கறிக்கோழிக்கு வயது ஏறக்குறைய 35 முதல் 42 நாள். இரண்டு கிலோ எடை வந்ததும் விற்பனைக்கு வந்துவிடும். முட்டைக்கோழி கதை வேறு. 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, 72 வாரம், 80 வாரம், சில பண்ணைகளில் அதற்கு மேலும் முட்டை போட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதாவது ஒன்றரை வயது. கறிக்கோழியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வாழ்ந்த கோழி. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் முட்டை விலையோடு முட்டைக்கோழி விலையும் தனியாக அறிவிக்கிறார்கள். பத்திரிகைகளில் கறிக்கோழி விலைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

தசைநார்களைக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வுக்கு கொலாஜன் என்று பெயர். வயது ஏற ஏற இந்த கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்ளும். கழுத்து, கால், இரைப்பை போல ஓயாமல் வேலை செய்கிற உறுப்புகளில் இளங்கோழியிலும் ஜவ்வு அதிகம்.

இப்போது அடுப்புக்கு வருவோம். சூடு ஏறியதும் தசை முதலில் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். கறி இறுகும். இது முதல் கட்டம். ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேல் ஈரச்சூட்டில் தொடர்ந்து இருந்தால், ஜவ்வு மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். இது இரண்டாம் கட்டம். இந்த ஜெலட்டின்தான் குழம்பைக் கொழகொழப்பாக்குகிறது, கறியை வாயில் வழுக்க வைக்கிறது, ஃப்ரிட்ஜில் ஜெல்லியாக உறைகிறது.

நான் செய்த தவறு இரண்டு கட்டத்துக்கும் நடுவில் அடுப்பை அணைத்தது. ‘எவ்வளவு வேக வைத்தும் கெட்டியாகிறதே’ என்று நாம் மனம் விட்டுவிடும் நேரம்தான், கறி மிருதுவாகத் தொடங்கப் போகிற நேரம். இன்னும் அரை மணி பொறுத்தால் போதும்.

இளம் கறிக்கோழியின் நெஞ்சுக்கறிக்கு இது பொருந்தாது. அதில் ஜவ்வு குறைவு. அதிகம் வேக வைத்தால் உலர்ந்து நார் நாராகப் போகும். நெஞ்சுக்கறிக்குக் குறைந்த நேரம், முற்றிய கறிக்கு நிறைய நேரம். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி சமையல் முடிந்தது.

பிரான்ஸிலும் இதே கதை

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் சில முறை ஆங்கிலேயர் பிடித்தாலும், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிதான். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் பேர்பெற்ற உணவுகளில் ஒன்று ‘கோக் ஓ வேன்’. கோக் என்றால் சேவல். பண்ணையில் வயதாகிப்போன சேவலை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிராமத்து வீடுகள் கண்டுபிடித்த பதில் அது. ஒயினில் ஊறவைத்து, வெங்காயம் சேர்த்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். இன்று பெரிய ஓட்டல்களில் அதிக விலைக்கு விற்கிறது.

‘பூல் ஓ போ’ என்று இன்னொன்று. பெட்டைக்கோழியைக் காய்கறிகளோடு பானையில் மெல்ல வேக வைப்பது. தன் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு குடியானவன் வீட்டுப் பானையிலும் ஒரு கோழி இருக்க வேண்டும் என்று மன்னர் நான்காம் ஹென்றி ஆசைப்பட்டதாக அங்கே ஒரு கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கோழி என்பது அங்கேயும் குடும்பத்தின் மானப் பிரச்சினைதான் போலும்.

கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்தது. நம் ஊர் வெங்காய வடகம் கப்பலேறிப் போய், பிரெஞ்சுச் சமையலில் ‘வடுவான்’ என்ற மசாலாவாக இன்றும் இருக்கிறது. அந்த வடகத்தைத்தான் கீழே கோழிக்குழம்பில் தாளிக்கப்போகிறோம்.

கடையில் என்ன கேட்கலாம்?

முட்டைக்கோழி: உயிரோடு ஒன்றரை கிலோவுக்குள்தான் இருக்கும். சுத்தம் செய்தால் ஒரு கிலோ அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வரும். எலும்பு அதிகம். அதனால் உயிர் எடை விலையை மட்டும் பார்த்து ‘மலிவு’ என்று முடிவு செய்யாமல், சுத்தம் செய்த கறி என்ன எடை வந்தது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலோடு வாட்டி, மஞ்சள் தடவி வாங்குங்கள். தோலில் நிறைய ஜெலட்டின் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பு அதிகமாக இருந்தால் பாதியை எடுத்துவிடலாம். ஓடு கட்டாத முட்டைக் கருக்கள் சின்னதும் பெரியதுமாக இருந்தால் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள்.

கழுத்து, முதுகு, இறக்கை: எலும்பில்லாத கறியும் லெக் பீஸும் தனியாக விற்கும் கடைகளில் இவை மிஞ்சும். சாறு, பிரியாணி, தால்ச்சாவுக்கு அருமை.

ஈரல், இரைப்பை: இரண்டையும் கலந்தே தருவார்கள். ஆனால் சேர்த்துச் சமைக்கக் கூடாது. காரணம் கீழே.

கோழிக்கால்: பல கடைகளில் கேட்டால்தான் தருவார்கள். ஜெலட்டின் சுரங்கம்.

ஓர் எச்சரிக்கை. முட்டைக்கோழியை ‘நாட்டுக்கோழி’ என்று சொல்லி நாட்டுக்கோழி விலைக்கு விற்பதும் உண்டு. மூக்கைப் பாருங்கள். பண்ணை முட்டைக்கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகின் நுனியைச் சீவியிருப்பார்கள். நாட்டுக்கோழியின் அலகு முழுசாக, கூர்மையாக இருக்கும். உரித்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் உயிரோடு பார்த்து வாங்குங்கள்.

மிருதுவாக்க ஐந்து வழிகள்

1. முதல் நாளே உப்பு: ஒரு கிலோ கறிக்கு இரண்டு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும் தடவி, மூடி போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு மெல்ல உள்ளே இறங்கி, கறி தன் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும். மறுநாள் குழம்பில் அந்த அளவுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2. தயிர்: புளிப்பும் மசாலாவும் மேல்பக்கம் மட்டுமே ஏறும். சுவைக்கு நல்லது. முற்றிய கோழியைத் தயிர் மட்டும் வேகவைத்துவிடாது.

3. பப்பாளிக்காய்: இதிலுள்ள பப்பெயின் என்ற நொதி புரதத்தை உடைக்கும். தோலோடு அரைத்த விழுது ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் வெளிப்பக்கம் மாவாகிவிடும். பச்சை இஞ்சியிலும் இதே மாதிரி ஒரு நொதி இருக்கிறது. நம் பாட்டிமார் இஞ்சியைத் தாராளமாக அரைத்தது வாசனைக்கு மட்டுமல்ல.

4. குக்கர்: கடலோரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். குக்கரில் 120 டிகிரியை நெருங்கும். அதனால் இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடியும். சிலிண்டரும் மிச்சம். ஆனால் விசிலை எண்ணாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அங்கிருந்து நிமிடக் கணக்கு. ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

5. சிறு தீ: திறந்த சட்டியில் வைத்தால் தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். தண்ணீர் குறைந்தால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

ஓர் உத்தேசக் கணக்கு, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில்: கழுத்து, முதுகு 15 நிமிடம். இரைப்பை 20 முதல் 25. முட்டைக்கோழி, கோழிக்கால் 25 முதல் 30. திறந்து பார்த்து முள்கரண்டியால் குத்துங்கள். எதிர்த்தால் இன்னும் பத்து நிமிடம். தயக்கமே வேண்டாம்.

வடகம் தாளித்த முட்டைக்கோழிக் குழம்பு

தேவையானவை: சுத்தம் செய்த முட்டைக்கோழி - 1 (சுமார் 1 கிலோ, நடுத்தரத் துண்டுகள்), சின்ன வெங்காயம் - 200 கிராம், தக்காளி - 2, இஞ்சி பூண்டு விழுது - 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் - 2 டீஸ்பூன், மல்லித்தூள் - 3 மேசைக்கரண்டி, பட்டை - 1, கிராம்பு - 3, நல்லெண்ணெய் - 3 மேசைக்கரண்டி, வெங்காய வடகம் - 1 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை - 2 ஆர்க்கு, உப்பு - தேவைக்கு.

அரைக்க: தேங்காய் - அரை மூடி, மிளகு - ஒன்றரை டீஸ்பூன், சோம்பு - 1 டீஸ்பூன், சீரகம் - அரை டீஸ்பூன், கசகசா - 1 டீஸ்பூன்.

செய்முறை: முதல் நாள் உப்பு, மஞ்சள் தடவிய கறியை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, பட்டை, கிராம்பு, வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போகட்டும். தக்காளி குழைந்ததும் கறியைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் புரட்டுங்கள். கறி தன் நீரை விட்டு, அந்த நீர் வற்றும் வரை பொறுமை வேண்டும். சுவை இங்கேதான் பிறக்கிறது.

மிளகாய்த்தூள், மல்லித்தூள் சேர்த்துக் கிளறி, மூன்று டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வந்ததும் சிறு தீயில் 25 நிமிடம். ஆவி அடங்கித் திறந்ததும் கறியைச் சோதித்துப் பாருங்கள். வெந்த பிறகே தேங்காய் அரைப்பைச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அடிபிடிக்கும், திரிந்தும் போகும். முட்டைக் கருக்கள் இருந்தால் இப்போது மெதுவாக இறக்கி, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கிளறாதீர்கள், உடைந்துவிடும்.

மீதி ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் வடகத்தைப் பொரித்து, கறிவேப்பிலையோடு குழம்பில் கொட்டி உடனே மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் தெருவே வந்து கேட்கும். சோற்றுக்கும் இட்லிக்கும் ஆப்பத்துக்கும் பொருந்தும். மறுநாள் இன்னும் ருசி.

கழுத்து முதுகு மிளகுச் சாறு

அரை கிலோ கழுத்து, முதுகை ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள், தட்டிய பூண்டு எட்டுப் பல், சின்ன வெங்காயம் பத்து, ஐந்து டம்ளர் தண்ணீரோடு குக்கரில் முதல் விசிலுக்குப் பின் 15 நிமிடம் வேகவிடுங்கள். மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன் கொரகொரப்பாகத் தட்டிப் போட்டு ஐந்து நிமிடம் கொதித்ததும் கொத்தமல்லி தூவி இறக்குங்கள். எலும்பில் ஒட்டிய சதையை உதிர்த்துச் சாற்றிலேயே போட்டால், பல் இல்லாத பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். சின்ன எலும்பு இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

கோழிக்காலிலும் இதே சாறு வைக்கலாம். நகத்தை வெட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி மஞ்சள் தோலை உரித்துவிட்டு, நேரத்தை 30 நிமிடமாக்குங்கள்.

ஈரல் வேறு, இரைப்பை வேறு

இரைப்பை முழுக்க வேலை செய்த தசை. அதற்கு நேரம் வேண்டும். ஈரலில் ஜவ்வு மிகக் குறைவு. நேரம் கூடினால் சுண்ணாம்பு மாதிரி உதிரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு, ஒன்று கெட்டியாகவும் இன்னொன்று தூளாகவும் சாப்பிடுகிற வீடுகள்தான் அதிகம்.

கால் கிலோ இரைப்பையின் உள்பக்க மஞ்சள் தோலை நீக்கி, உப்பு, மஞ்சள் சேர்த்துத் தனியாகக் குக்கரில் வேக வைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் சோம்பு, வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு விழுது வதக்கி, வெந்த இரைப்பையைப் போட்டுச் சுருள வதக்குங்கள். கடைசி ஏழெட்டு நிமிடத்தில் ஈரலைச் சேர்த்து, உள்ளே ரத்தச் சிவப்பு மறையும் வரை மட்டும் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்குங்கள்.

இவற்றை மறக்க வேண்டாம்

கோழியைக் குழாயடியில் நேராகப் பிடித்துக் கழுவினால், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் தட்டு, காய்கறி மேலெல்லாம் பரவும். கழுவியே தீர வேண்டுமென்றால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள்.

ஊறவைப்பது எப்போதும் ஃப்ரிட்ஜில்தான். நம் கடலோரப் புழுக்கத்தில் மேடையில் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். சமைத்த குழம்பையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எடுத்துச் சாப்பிடும்போது நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும்.

குக்கர் இல்லாத வீட்டில் மண்சட்டி போதும். காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கேஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஒரு கோழிக்காக இரண்டு மணி நேரம் எரிப்பதைவிட, இரண்டு மூன்று கோழியைச் சேர்த்து வேகவைத்து, கறியும் சாறுமாகப் பிரித்து வைத்துக்கொள்வது லாபம். ஒரு நாள் குழம்பு, மறுநாள் சாறு, உதிர்த்த கறியில் பிள்ளைகளுக்குக் கொத்துப் பரோட்டா.

அடுத்த தடைக்காலத்தில் சின்ன மாமா குடும்பம் மறுபடி வந்தது. இந்த முறையும் முட்டைக்கோழிதான் வாங்கினேன். முதல் நாள் இரவே உப்பு தடவி, காலை ஒன்பது மணிக்கே குக்கரை ஏற்றிவிட்டேன். மாமா கறியை எடுத்துக் கடித்துவிட்டு, “நாட்டுக்கோழியா? எதுக்கும்மா இவ்வளவு செலவு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை இன்னொரு கரண்டி குழம்பை அவர் தட்டில் ஊற்றி, “முதல்ல சாப்பிடுப்பா, கணக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்.